பதினேழாம் வாரத்தின் கோடு போட்ட தாள்கள்

கத்தி நின்றுவிட்டால் தூசி இறங்குவதுகூடக் காதில் விழும் என்பாள் ஜைபு அக்கா.

அந்த மதியங்கள் எனக்கு அப்படித்தான் நினைவிருக்கின்றன. தாள் வெட்டும் இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். கூரை ஓட்டுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கும். அந்தப் பட்டைக்குள் காகிதத் தூசி அவசரமே இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் டவுனிலிருந்து மில் சங்கு, யாரோ தூக்கத்தில் கூப்பிடுவதுபோலக் கேட்கும்.

அப்போது நான் புத்தகத்தைத் திறப்பேன்.

"எங்க உட்டோம்?" என்றாள் தனம் அன்றைக்கு.

"பெரியப்பா கடுதாசிக் கட்ட கையில எடுத்துக்கினு கூடத்துக்கு வராரு. அதோட தொடரும் போட்டுட்டாங்க," என்றாள் அமலா.

"படி, படி. யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

தாளைத் திருப்பினேன். அச்சு எழுத்து ஒன்றுகூட இல்லை. நீலக் கோடுகள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த தாளும் அப்படி. அதற்கடுத்ததும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவதற்காக நாங்கள் மடித்து அடுக்கும் வெற்றுத் தாள்கள், கதையின் நடுவில் தைக்கப்பட்டு இருந்தன.

மூன்று பேரும் என் தோள்மேல் எட்டிப் பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஆச்சரியப்பட்டேன்.

அந்த ஆச்சரியம் பொய். அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளேன் ஐயா

போன வாரம், பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாசனையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒரு வாசகி, "நோட்டுக் கம்பெனியில் இருந்தீர்களே, கதை எல்லாம் படிப்பீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். படித்தோம் அம்மா. நாலு பேராகப் படித்தோம்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் ஸ்க்ரூ கம்பெனி, இன்னொரு பக்கம் சோப்புக் கம்பெனி, நடுவில் எங்கள் கொட்டகை. எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பத்தாவதோடு படிப்பு முடிந்திருந்தது. அப்பாவுக்கு மில்லில் வேலை போன பிறகு வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் அதற்கு முன்பும் பேசியதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று நான் சொல்வது எனக்கு மட்டும் கேட்கும். வகுப்பில் உட்கார்ந்தபடியே பல நாள் வராதவளாக இருந்திருக்கிறேன்.

ஆனால் அச்சில் இருப்பதைப் படி என்றால் குரல் வந்துவிடும். அது என் பேச்சு இல்லை அல்லவா? அடுத்தவர் எழுதி வைத்த வார்த்தை. அதற்கு நான் கூச்சப்பட வேண்டியதில்லை.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்ட கை காய்ந்ததும் மறுபடி தாள் மடிக்க உட்கார்ந்துவிடுவோம். ஒருத்தி படிப்பாள். அவள் பங்குக்கு உள்ள தாள்களை மற்றவர்கள் சேர்த்து மடித்துவிடுவார்கள். நான் வாயைத் திறந்ததும், ஜைபு அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் என் முன்னால் இருக்கும் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மூங்கில் சில்லால் மடிப்பை நீவிக்கொண்டே கேட்பாள். கதையில் யாராவது அழுதால் சில்லு நிற்கும்.

ஜைபுன்னிசா என்பது முழுப் பெயர். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். ஒரு கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைப்பது அவள் வேலை. மதிய மடிப்பைத் தவிர, கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ.

மதாம் கொடுத்தனுப்பிய கட்டு

அந்தக் கதை எங்களுடையது அல்ல. கடற்கரைப் பக்கம் வெள்ளை மதில் வீட்டில் இருந்த ஒரு மதாமுடையது. அவர் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எந்த எந்தத் தேசமோ சுற்றிவிட்டு வந்து, கடைசிக் காலத்தில் அந்த மனிதர் ஒரு வார இதழில் வந்த தொடர்கதையைப் பிடித்துக்கொண்டார். வாரம் தவறாமல் கிழித்து, மேலே பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தார். நாற்பது வாரம். அவர் இறந்த பிறகு, அதை நீலக் கலிக்கோத் துணியில் பைண்டு செய்து தரச் சொல்லி மதாம் எங்கள் முதலாளியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

கட்டைப் பிரித்தபோது சுருட்டு வாசனை வந்தது. அமலா முகர்ந்து பார்த்துவிட்டு, "மிலித்தேர் வாசனடி," என்றாள், பட்டாளத்துக்காரரைச் சொல்லி. அவள் மாமனாரும் பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஏதோ ஆபீசில் இருந்தவர். இரண்டு பிரெஞ்சு வார்த்தை தெரியும், அதை நாள் முழுக்கச் செலவு செய்வாள்.

"தாளாப் படிக்கக் கூடாது," என்று ஜைபு அக்கா சொல்லிவிட்டாள். "பசை ஒட்டும், கலையும். ஒருத்தரு உசுரா சேத்து வெச்சது. மொதல்ல தெச்சிடுறேன். கலிக்கோ மெட்ராஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் அட்டை போட முடியாது இல்ல? அதுக்குள்ள படிச்சிக்கலாம்."

ஒவ்வொரு வாரத்துத் தாள்களையும் நடுவில் துண்டுக் காகிதம் ஒட்டி ஒரு மடிப்பாக்கினோம். அப்படி மடித்த கட்டை நாங்கள் பாரம் என்போம். நாற்பது பாரம். அவற்றை நீள மேசையில் வரிசையாக வைத்து, நடந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். மூன்று நான்கு பேர் மாறி மாறிச் செய்வோம்; அப்போது என் முறை. அதே மேசையின் மறு ஓரத்தில், பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரமாதலால், நோட்டுக்கான கோடு போட்ட பாரங்கள் மலைபோல இருந்தன.

பதினாறு வரை ஒழுங்காக எடுத்தேன். பதினேழில் என் கண் ஒரு வரியில் விழுந்துவிட்டது.

அக்கா சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் நின்று படித்தேன். ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கத்தில் பாதி. மேஸ்திரி கோவிந்தனின் செருப்புச் சத்தம் கேட்டது. படித்தது தெரிந்துவிடும் என்ற பதற்றத்தில், கையில் இருந்த பாரத்தைப் பக்கத்தில் இருந்த நோட்டு அடுக்குக்குள் செருகிவிட்டேன். மேஸ்திரி எண்ணிக்கை கேட்பார். நாற்பது இருக்க வேண்டும். அதனால் கோடு போட்ட பாரம் ஒன்றை எடுத்துப் பதினேழாவதாக வைத்தேன். அவர் போனதும் மாற்றிவிடலாம் என்றுதான்.

அவர் போகவில்லை. என்னைப் பசை அடுப்புக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது கதையைத் தைக்க எடுத்துப் போயிருந்தார்கள். நோட்டு அடுக்கையும் வேறு மேசையில் தைத்து, அட்டை போட்டு, சாயங்காலமே டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். கடலூருக்கா விழுப்புரத்துக்கா என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒவ்வொரு மதியமும் ஒரு அத்தியாயம் படித்தேன். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. வெயில் பட்டையில் தூசி நீந்தும். என் குரல் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அது எங்கே போய் நிற்கப் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

யார் சொன்னது?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மங்கை என்று ஒரு பெண். பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லி வளர்க்கிறார்கள். பதினான்கு வயதில், அம்மா வேறு ஊரில் உயிரோடு இருப்பது தெரிந்து, ரகசியமாகக் கடிதம் எழுதுகிறாள். பதிலும் வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பெரியப்பா மகள் சாரதா அக்கா, பக்கத்து வீட்டுத் தோழி, தபால்காரர். கடிதங்கள் பெரியப்பா கையில் எப்படிக் கிடைத்தன என்பதுதான் பதினேழாம் வாரம். பதினெட்டாம் வாரம் தொடங்கும்போது மங்கை ரயிலில் இருக்கிறாள். "யாரால் என்று தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் வரவில்லை" என்று ஒரு வரி. பெயர் இல்லை.

அந்த வரியைப் படித்த பிறகு மேசையில் வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது.

"பெரியம்மாதான்," என்றாள் தனம். வைத்திக்குப்பத்துக்காரி, எதையும் அடித்துத்தான் பேசுவாள். "அவளுக்குத் தெரியாதுன்றது சும்மா. புருசன் வரச்சொல்ல மொகத்த எப்பிடி வெச்சிக்கினு நிப்பா, படிக்கல?"

"இல்லக்கா, அந்தத் தோழிதான். பக்கத்து வூட்டுக்காரிய நம்பவே கூடாது," என்றாள் அமலா.

"உன் பக்கத்து வூட்டுக்காரி உன் கோழிய அமுக்குனதுக்கு அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணும்?"

அமலாவே சிரித்துவிட்டாள். "அது முட்ட வெக்கிற கோழிக்கா!"

"தபால்காரரா இருக்கும்," என்றாள் ஜைபு அக்கா. "யாரா இருந்தாலும் சாரதா இல்ல. வெளக்குமேல கைய வெச்சு சத்தியம் பண்ணிச்சு அந்தப் புள்ள. எங்க அக்காவும் அப்பிடித்தான். நான் மதரசாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு பீச்சுக்கு ஓடினதெல்லாம் அவளுக்குத் தெரியும். அத்தா பெல்ட்ட எடுத்துக்கினு கேட்டாக்கூட வாயத் தொறக்க மாட்டா. அக்காமாருங்க காட்டிக் குடுக்க மாட்டாங்க."

"வசந்தா, நீ சொல்லேன். படிக்கிறவ நீதான?" என்றாள் தனம் என்னிடம்.

"தெரியலக்கா," என்றேன்.

தெரியும். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அது இருந்தது. கடிதக் கட்டு கைக்கு வருவதற்கு முன் நடந்தது. பெரியப்பா எல்லோரையும் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டு, "இந்த வீட்டுக்குக் கடிதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கிறார். ஒருவரும் பேசவில்லை. சாரதா தலையைக் குனிந்துகொள்கிறாள். அவ்வளவுதான். பெரியப்பா அதைப் பார்க்கிறார், எழுந்து, கடிதங்களைத் தேடி நேராகச் சாரதாவின் பெட்டியிடம் போகிறார். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டது அந்த இடத்தில்தான்.

மேஸ்திரி கேட்டது

இரண்டு நாளில் செய்தி மேஸ்திரிக்குப் போய்விட்டது. தைத்த புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"முதலாளிக்குத் தெரிஞ்ச எடம். அந்த அம்மா கலிக்கோ வந்துச்சான்னு கேட்டுக்கினே இருக்குது. நேர்ல வரப்போவுது. நான் இன்னா பதில் சொல்ல? யாரு அடுக்கினது?"

அன்று அடுக்கியவர்கள் மூன்று நான்கு பேர். யாருக்கும் சரியாக நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. அடுக்கறவ தப்பு பண்ணா தெக்கிறவதான் பாக்கணும். ஜைபு, கண்ண மூடிக்கினா தெச்ச? அந்த அம்மா வந்து சத்தம் போட்டா நீ தையல உட்டுட்டு அடுக்கற வேலைக்குப் போயிடு."

"நின்னுக்கினா மேஸ்திரி?"

"பின்ன, படுத்துக்கினா?"

ஜைபு அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு மணி நேரம் நின்றால் அவள் கால் வீங்கிவிடும் என்பது அந்தக் கொட்டகைக்கே தெரியும். அடுக்கற வேலை என்பது வீட்டுக்குப் போ என்பதற்கு இன்னொரு பெயர்.

அதன் பிறகு பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து எனக்கு வைப்பாள். என் பங்குத் தாளை எப்போதும்போல இழுத்துக்கொள்வாள். யார் என்று தெரியாமல் பதினெட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று மூவரும் சொல்லிவிட்டதால் பழைய அத்தியாயங்களையே திரும்பப் படித்தேன். சாரதா சத்தியம் செய்யும் இடம் வரும்போது அக்கா, "பாத்தியா," என்பாள் தனத்திடம்.

காலையில் சைக்கிள் மிதித்து வரும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். "நான்தான்" என்று ஒரு வார்த்தை. வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். "உள்ளேன் ஐயா" மாதிரி எனக்கு மட்டும் கேட்கும்.

மதாம் வந்தார்

ரிக்‌ஷாவில் வந்தார். ஒல்லியான அம்மா. சாம்பல் நிறக் கவுன், கறுப்புக் குடை, கையில் ஒரு துணிப்பை. நாங்கள் எழுந்து நின்றோம். ஜைபு அக்காவும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேஸ்திரி புத்தகத்தை நீட்டினார். மதாம் அதை வாங்கி முதுகுத் தையலை விரலால் தடவினார்.

"கை நல்லா இருக்குது. யார் தெச்சது?"

"இதோ, இவதான் மதாம். ஒரு தப்பு நடந்து போச்சி..." என்று தொடங்கி மேஸ்திரி பதினேழாம் வாரத்தை விரித்துக் காட்டினார். "தெச்சவ பாக்கல."

மதாம் அந்த நீலக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு எல்லாப் பக்கமும் இதே மாதிரிதாம்பா," என்றார். "நான் படிச்சதெல்லாம் பிரான்செ. தமிழ் பேசுவேன், எழுத்து தெரியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்ததும் அவர் படிப்பாரு, நான் கேப்பேன். பெரியப்பன் கடுதாசியோட வந்து நிக்கிற வரைக்கும் படிச்சாரு. அப்பறம் படுத்துட்டாரு. படுத்துக்கினே கிழிச்சி கிழிச்சி வெச்சாரு, எழுந்ததும் படிச்சிக் காட்டறேன்னு."

வெட்டும் இயந்திரத்துக்காரர்கூட நிறுத்தியிருந்தார்.

"அதுல இன்னா இருந்துச்சின்னு உங்கள்ள யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் மதாம்.

"யாருக்குத் தெரியும் மதாம்? தெச்சவளுக்கே தெரியல," என்றார் மேஸ்திரி.

ஜைபு அக்காவின் விரல்கள் மேசை விளிம்பில் வெளுத்திருந்தன. அந்த விரல்களைத்தான் பார்த்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன். அது எவ்வளவு கனமாக இருந்தது என்று இன்றைக்கும் என் கழுத்துக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "நான்தான் எடுத்தேன். அக்கா தப்பு இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பினார்கள்.

நடந்ததைச் சொன்னேன். படித்த ஒன்றரைப் பக்கத்தையும் சொன்னேன். பெரியப்பா கேட்டது, யாரும் பேசாதது, சாரதா குனிந்தது, பெட்டி. தனம் "ஐய..." என்று வாயில் கை வைத்தாள்.

"மிச்சம்?" என்றார் மதாம்.

"அதுக்கு மேல படிக்கல மதாம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். புத்தகத்தைத் திருப்பி என் கையில் வைத்தார். "நீ சொன்னத அந்தக் கோட்டுமேல எழுதிடு. மிச்சத்த அப்பிடியே உடு. அவரும் நடுவுலதான நிறுத்தினாரு. முழுசா நீங்க படிச்சிட்டே குடுங்க, எனக்கின்னா அவசரம்? அப்பறம் ஞாயித்துக்கிழமையில வந்து எனக்குப் படி." மேஸ்திரியைப் பார்த்து, "தெச்ச பொண்ணே துணி போடட்டும்," என்றார்.

பதினோரு நாள்

மேஸ்திரி என்னைப் பசை அடுப்புக்கு மாற்றினார். அது பெரிதாகத் தெரியவில்லை. சாயங்காலம் குழாயடியில் ஜைபு அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா..."

"மேஸ்திரி கேட்டாரே, அன்னிக்கே தெரியும்டி. நீ குனிஞ்சத நான் பாத்தேன்."

கையில் இருந்த பசை வாளியைக் கீழே வைத்தேன்.

"நீ தப்பு பண்ணதுக்குக் கோவம் இல்ல. யாரு பண்ணல? நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். பதினோரு நாளு எம் பக்கத்துலயே உக்காந்து துன்னியே." குழாயை இறுக்கி மூடினாள். போகும்போது நின்று, "சாரதா வாயத் தொறக்கவே இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. குனிஞ்சா, அவ்ளோதான்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றிரவே கோடு போட்ட தாள்களில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மீதி வெறுமையாகவே இருந்தது. பின்னாட்களில் மதாம் வீட்டில் படிக்கும்போது, அந்த இடம் வந்ததும் கடல் சத்தம் கேட்கும். வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்புவேன். பிறகு பதினெட்டு.

தொலைந்த பாரம் என்ன ஆனது என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. எந்த ஊரிலோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு எழுதிக்கொண்டே வந்து, தாளைத் திருப்பியதும் அங்கே ஒரு வீடு இருக்கிறது. எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. மங்கைக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

மறுநாள் மதியம் எங்கள் மேசையில் பத்தொன்பதாம் வாரத்தைத் தொடங்கினோம். நான் படித்தேன். அமலா தன் கட்டை மடித்தாள், தனம் தன் கட்டை. ஜைபு அக்காவும் தன்னுடையதை மட்டும். என் முன்னால் தாள்கள் அப்படியே இருந்தன. படித்து முடித்துவிட்டு, பசை அடுப்புக்கு ஓடுவதற்கு முன் அவசர அவசரமாக நானே மடித்தேன். இருபதும் அப்படி. இருபத்தொன்றும், இருபத்திரண்டும்.

இருபத்து மூன்றாம் வாரத்தில் மங்கை ஊர் போய்ச் சேர்கிறாள். ஒரு வீட்டின் முன்னால் நின்று கதவைத் தட்டலாமா என்று யோசிக்கிறாள். நீண்ட அத்தியாயம். வெயில் பட்டை மேசையைத் தாண்டிப் போய்விட்டது. முடித்துவிட்டு, மடிக்க வேண்டிய தாளுக்குக் கையை நீட்டினேன்.

கையில் மேசைப் பலகைதான் பட்டது.

ஜைபு அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி மூங்கில் சில்லால் கடைசி மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கதவத் தட்டலியா அது?" என்றாள்.